கோட்டுக்கு அடையாளம்

சந்தேகமே இல்லை. எதிர் பிளாக்கில், குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி வீட்டுப் பால்கனிக் கொடியில், க்ளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது லிஃப்ட்காரருடைய பாட்டில் பச்சைக் கோட்டுதான்.

லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதேதான்.

"இங்க வா. வந்து பாரு இந்த அக்கிரமத்தை."

மனைவி வந்து பார்த்தாள்.

அந்தக் கோட்டை அவர் போன ஞாயிற்றுக்கிழமைதான் தானமாகக் கொடுத்திருந்தார். டிவியில் தினமும் காட்டுகிறார்களே, அந்த தேசத்து ஜனங்களுக்கு. ஓர் இனத்தையே பூண்டோடு அழித்துக்கொண்டிருக்கிறார்கள். குண்டுக்குத் தப்பியவர்கள் கொட்டும் பனியில் பிளாஸ்டிக் கூடாரத்தில் கிடக்கிறார்கள். 'நாம் போட்டுக்கொள்ளக்கூடிய துணிகளை மட்டும் கொடுங்கள்' என்று செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டியிருந்தார். பக்கத்திலேயே கொடுத்தவர்கள் பட்டியல். முதல் பெயர் லிஃப்ட்காரருடையது. கோட்டைச் சுருட்டிப் பையில் திணித்து, பைக்கு இரண்டு முடிச்சுப் போட்டு, நாலு பேர் பார்க்கிற நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்.

லிஃப்ட்காரர் என்பது முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்ததால் வந்த பெயர். செக்ரட்டரி மேல் அவருக்கு எட்டு வருஷக் கடுப்பு. வழியை அடைக்கிறது என்று இவருடைய செருப்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டுபோய் மழையில் வைத்த ஆள். செருப்பு காய்ந்துவிட்டது. மனசு காயவில்லை.

"சாவுக்குத் தப்பி வந்தவன் துணியிலகூடக் கை வைக்கிறானே. மனுஷனா இவன்? சாயங்காலம் துணி ஏத்த லாரி வருது. எல்லாரும் கீழே இருப்பாங்க. அங்கயே கேக்கறேன்."

"வேணாங்க," என்றாள் மனைவி. "வேற எதை வேணாலும் கேளுங்க. அந்தக் கோட்டைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க."

"ஏன், பயமா?"

"பயமெல்லாம் இல்ல."

அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட நாளுக்குக் கசங்கிய சட்டையோடு போக முடியுமா? மனைவியும் பின்னாலேயே இறங்கி வந்தாள்.

கீழே மூட்டைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர், டீச்சரம்மா, இன்னும் பத்துப் பேர். நடுவில் செக்ரட்டரி, கையில் பேனாவும் அட்டையுமாக.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

"செக்ரட்டரி சார், ஒரு சந்தேகம். எல்லாத் துணியும் மூட்டைக்குத்தான் போச்சா, இல்ல சிலது வீட்டுக்கும் போச்சா?"

பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"புரியலையே அண்ணே."

"உங்க பால்கனியில என் கோட்டு தொங்கிச்சே. அந்த தேசத்துக்கு அதுதான் வழியா?"

யாரோ சிரித்தார்கள். டீச்சரம்மா செக்ரட்டரியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செக்ரட்டரியின் முகம் சுருங்கிப்போனது. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, வாங்க, தனியாப் பேசிக்கலாம்."

எட்டு வருஷமாகக் காத்திருந்த நிமிஷம். விடுவாரா?

"தனியா என்ன பேச்சு? நான் கொடுத்தது எல்லார் முன்னாடியும்தானே?"

"இருங்க பெரியவரே," என்று டாக்ஸிக்காரர் குறுக்கே வந்தார். "பச்சைக் கோட்டு ஊர்ல ஒண்ணுதானா? அது உங்களுதுன்னு என்ன அடையாளம்?"

"வேண்டாம் அண்ணே, விடுங்க," என்றார் செக்ரட்டரி.

"பாத்தீங்களா, வேண்டாங்கறாரு." லிஃப்ட்காரர் கூட்டத்தின் பக்கம் திரும்பி விரல்களை மடக்க ஆரம்பித்தார். "என் கோட்டு எனக்குத் தெரியாதா? ஜிப் மேல ஏறாது, பாதியில மாட்டிக்கும். வலது பாக்கெட் ஓட்டை, எதைப் போட்டாலும் கீழே விழும். இடது அக்குள்ல ஒரு சாண் கிழிசல். உள்ளே லைனிங் நாக்கு மாதிரித் தொங்கும். முதுகுல கிரீஸ் கறை, எத்தனை துவைச்சும்..."

ஐந்தாவது விரலை மடக்கப் போனவர் அப்படியே நின்றார்.

டீச்சரம்மா சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த பட்டியலின் முதல் பெயரைப் பார்த்தார். டாக்ஸிக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. லிஃப்ட்காரரின் மனைவி தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செக்ரட்டரியின் மனைவி படியிறங்கி ஓடிவந்தாள். ஒரு கையில் பச்சைக் கோட்டு. இன்னொரு கையில் ஊசியும் நூலும்.

"லாரி வந்துடுச்சா? இது ஒண்ணுதான் பாக்கி. கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன், லைனிங்கை இப்பதான் தைச்சு முடிச்சேன். புது ஜிப்தான் மூணு நாளாப் படுத்தி எடுத்துடுச்சு. அப்படியே அனுப்பிடலாம்னாரு இவரு, எனக்குத்தான் மனசு வரல. ஒரு கையில பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுறவ, இன்னொரு கையால கோட்டையா இழுத்துப் பிடிச்சுக்குவா?"

செக்ரட்டரி கோட்டை வாங்கி ஜிப்பை இழுத்தார். சர்ரென்று கழுத்துவரை ஏறியது. பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தார். கோட்டின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். திருப்பி முதுகைப் பார்த்தார். எல்லாம் ரொம்ப நிதானமாக. பிறகு அழகாக மடித்து மூட்டைக்குள் வைத்துவிட்டு லிஃப்ட்காரரிடம் திரும்பினார்.

"நீங்க சொன்ன அடையாளம் ஒண்ணுகூட இதுல இல்லையே. இது உங்க கோட்டு இல்ல அண்ணே."