கடைசிப் பெண் பேசியது

உலகம் பிற்பகல் மூன்று மணிக்கு அழியும் என்று பலகையில் எழுதியிருந்தது. கரண்ட் வராததால் மூன்றே முக்காலுக்குத்தான் அழியத் தொடங்கியது.

கம்பாலாவின் ப்வைஸே பகுதியில் எங்கள் வீடியோ கொட்டகையில் எழுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் கால்பந்து போடுவார்கள் என்று நினைத்து வந்தவர்கள்.

படத்தின் பெயர்ப் பட்டியலில் பதினோரு இடத்தில் கயீரா என்று என் பெயர்தான். கம்பாலாவில் இதைவிடக் குறைந்த செலவில் யாரும் உலகத்தை அழித்திருக்க முடியாது. செட்டே போடவில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் தெருவை அப்படியே எடுத்தேன்.

வானத்திலிருந்து கொட்டும் சாம்பல், மரவள்ளி மாவு. ஒரு கோழி அதைத் தின்றுகொண்டே மூன்று காட்சிகளில் வருகிறது.

திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு என் அப்பா. எங்கள் கொட்டகைகளில் படம் தானாகப் பேசினால் போதாது. வீஜே என்று ஒருவர் கூடவே உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார், நடுநடுவே கிண்டலும் அடிப்பார். அப்பா இருபது வருடமாக வீஜே. பெண்கள் பேசினால் கீச்சுக்குரல். அதற்காகவே கூட்டம் வரும்.

"ஐயையோ, உலகமே அழியுது! கோழிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லல!"

கொட்டகை குலுங்கியது. நானும் சிரித்தேன். என் பயமெல்லாம் கடைசிக் காட்சியைப் பற்றித்தான்.

அதில் உலகத்தின் கடைசிப் பெண், கடைசிக் குழாயடியில் மஞ்சள் கேனை வைத்துவிட்டுத் திரும்பிப் பேசுவாள். வாய் அசையும், சத்தம் வராது. துடைப்பக்குச்சியில் கட்டிய செல்போன்தான் எங்கள் மைக். பதிவுப் பொத்தானை ஒரு தடவை அதிகமாக அழுத்திவிட்டேன். நாங்கள் தேநீர் உறிஞ்சியது துல்லியமாகப் பதிவாகியிருந்தது. நடித்தது மட்டும் இல்லை.

'மனித குலத்தின் இறுதிக் கண்ணீர் நானே' என்று வசனம் எழுதிக் கொடுத்திருந்தேன். "இப்படி யாருடா பேசுவா?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடிகை தன் இஷ்டத்துக்கு ஏதோ பேசினாள்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. கேமராவில் பேட்டரியின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. காதில் பெரிய ஹெட்ஃபோன் வேறு. தோரணைக்காக மாட்டியது, எதோடும் இணைக்கவில்லை.

டப்பிங்குக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. நடிகைகளை நம்பிப் படம் எடுக்கக் கூடாது.

தகரத்தைப் பிடித்து அவள் முகத்துக்கு வெயிலைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மட்டும்தான் அது கேட்டிருந்தது. மூன்று முறை விசாரித்தேன். "படத்துல சொல்றேன், வந்து கேளு" என்றார். எல்லாப் பெண்களையும் போல இவளையும் கீச்சிட வைத்துவிட்டால், அவள் சொன்னது எனக்குக் கடைசிவரை கிடைக்காது.

குழாய் வந்தது. மஞ்சள் கேன் வந்தது. மாவு பூசிய முகம் திரும்பியது.

பார்வை லென்ஸில் இல்லை, ஒரு சாண் மேலே இருந்தது. சினிமா கல்லூரியில் இதற்காகவே மதிப்பெண் குறைத்தார்கள்.

கூட்டம் விசிலடித்தது. "வீஜே அண்ணே, தூங்கிட்டீங்களா? பொண்ணு வாயை அசைக்குது!"

அப்பா மைக்கை உள்ளங்கையால் பொத்தி இருமினார். பிறகு கையை எடுத்தார். கீச்சுக்குரல் வரவில்லை. வீட்டில் பேசும் குரல்தான் வந்தது.

"அந்தப் பொட்டியையே பாக்காத, கயீரா. அம்மாவ ஒரு தரம் பாரு."

விசில் நின்றது.

முன்பெஞ்சில் ஒருவன் மெதுவாகக் கேட்டான். "அவ செத்துருவாளா, வீஜே?"

அப்பா மைக்கிலேயே பதில் சொன்னார். "இல்லப்பா. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் இருந்தா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அன்று கேமரா பேட்டரி தீர்ந்த இடத்தில் திரை கறுக்க இன்னும் நான்கு நொடி இருந்தது.