ஓட்டலில் வழி கேட்பது

லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அவள் அதைக் கேட்டாள்.

"தோவே லஷென்சோரே?"

லிஃப்ட் எங்கே இருக்கிறது?

இத்தாலிய மொழியில் அவளுக்குத் தெரிந்தது ஐந்தே வாக்கியம். லிஃப்ட், மாடிப்படி, சாவி, குளியலறை, காலை உணவு. மகள் இளவேனில் போனில் பேசி அனுப்பியதை விமானத்தில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். ஓட்டலில் வழி தெரியாமல் நின்றால் உதவும் என்று.

வழி தெரியாமல் அவள் நிற்கவில்லை.

எதிரே இருந்தவள் லூச்சியா. நாளை இளவேனில் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் அம்மா. வரவேற்பறையில் பூ ஜாடிகளை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

எப்படிப்பட்டவள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பேச்சுக் கொடுக்க வேறு வார்த்தை இல்லை.

கணவர் மேலே அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உடுமலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர், கல்யாணத்துக்கு நீ மட்டும் போய்க்கோ என்று சொல்லிவிட்டார்.

லூச்சியா லிஃப்டைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்திக் காட்டினாள்.

சொரசொரப்பான கை. நகத்தோரம் மண்.

தோட்டம் வைத்திருப்பாளோ?

கதவு திறந்தது. இவள் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"தோவே சோனோ லே ஸ்காலே?"

மாடிப்படியும் பக்கத்திலேயேதான் இருந்தது.

இந்த முறை லூச்சியா சிரித்துவிட்டாள். இவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். போனில் எதையோ தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"காலை... உணவு... எத்தனை மணிக்கு?"

இவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

தமிழ்.

இங்கே யாரிடம் கேட்க இதைப் படித்தாள்?

இங்கே கேட்க இல்லை.

"நீங்க எப்ப எந்திரிக்கிறீங்களோ, அப்பங்க" என்றாள்.

லூச்சியாவுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

அறைக்கு வந்தபோது கணவர் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தம்மா நம்மூட்டுக்கு வரும்போலிருக்குதுங்க. காலைல என்ன செஞ்சு போடறதுன்னு தெரீல."

வெளியே யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கியது.

"இட்லியே ஊத்து" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "சட்னிக்கு மொளகா கம்மியா வெச்சு அரை."