சட்டப்படி சரியான பொடி

ஆபீசில் சிரித்த முகமாக இருக்க வாங்கிய புதுப் போதைப்பொடியைக் குணாளன் சர்க்கரை டப்பாவில் கொட்டி ஒளித்துவைத்தான். மனைவி செவ்வந்திக்குச் சர்க்கரை நோய், டப்பாவைத் தொடமாட்டாள் என்று கணக்குப் போட்ட மேதாவி. அவளோ திருட்டுத்தனமாக இரண்டு ஸ்பூன் காபியில் போட்டுக் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தபடியே சரிந்தாள்.

பொடி வந்த காலிப் பாக்கெட்டின் குட்டித் திரையில் ‘இப்போது சட்டப்படி சரி’ என்று பச்சையாக மின்னியது. குணாளன் அதிலிருந்த உதவி எண்ணை அழைத்து, “உயிருக்கு ஆபத்தா?” என்று கத்தினான்.

“தடைப் பட்டியல்ல இன்னும் சேரல சார். சாயங்காலம் சேரலாம்.”

“அதைக் கேக்கலம்மா!”

“அதுவரைக்கும் தாராளமா சாப்பிடலாம் சார்.”

ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் கேட்டான். “பிழைச்சிடுவாளா?”

“நேத்து செஞ்ச பொடி சார் இது. என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உட்காருங்க.”