வெறும் வயிற்றில் போடக் கூடாது

“இப்பத்தான் போறாரு சுகி. மாத்திரை போடணும்னாரு. சோறு போட்டு அனுப்பி வெச்சேன்” என்றாள் புஷ்பா.

சுகிர்தாவுக்குப் பகீர் என்றது. அந்தமானில், புரோத்ராபூர் முக்கில் மருந்துக் கடை வைத்திருப்பவள் அவள். குழந்தைக்கு இருமல் மருந்து கொடுத்துவிட்டுப் போகத்தான் புஷ்பா வீட்டுக்கு வந்தாள். பக்கிரிசாமி மாமாவின் முழங்கால் வீக்கத்துக்கு அவள் வலி மாத்திரை கொடுத்தது பொங்கல் சமயத்தில், அதுவும் ஒன்றே ஒன்று. இனிமேல் டாக்டர் சீட்டு இல்லாமல் வரக் கூடாது என்று அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டாள். இப்போது மழைக்காலமே வந்துவிட்டது.

“என்ன மாத்திரை?”

“முட்டி வலி மாத்திரைதான். வெளிர் ரோஸ் கலர்ல, பாக்கெட்லேர்ந்து எடுத்துக் காட்டினாரு. வெறும் வயித்துல போட்டா குடல் ஓட்டையாயிடும்னு நீதான சொன்னியாம்? வீட்ல மீனாம்பாள் அத்தை, புருஷனுக்கு ஒடம்பு எளைக்கணும்னு மூணு வேளையும் கேப்பக் கஞ்சி ஊத்துதாம். கஞ்சி மேல மாத்திரை நிக்காதுன்னு அழாத கொறையா நின்னாரு. வலது காலத் தரையில ஊன முடியல. பாவம்னு மீன் கொழம்பு ஊத்தி, ரெண்டு முட்டையும் பொரிச்சேன்.”

“தெனமுமா வர்றாரு?”

“பொங்கல்லேர்ந்து.”

சுகிர்தா தலையில் கைவைத்தாள். “அடிப்பாவி! அஞ்சு நாளைக்கு மேல டாக்டரக் கேக்காமப் போடக் கூடாத மாத்திரைடி அது. வயித்துல புண்ணாயி ரத்தம் கசியும். கிட்னி போகும். அவருக்குப் பிரஷர் வேற.”

“ஐயோ, நான் அப்பளம் வேற குடுத்தனே!”

சுகிர்தா வெளியே ஓடி வந்தாள். எதிர்வீட்டு வாசலில், தெருவே பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் வங்காளிப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பௌதி, பக்கிரி மாமாவப் பாத்தீங்களா?”

“பக்கிரி தாதா காலையில வந்தாச்சு. பூரி, ஆலு சாப்பிட்டாச்சு. தவாய் போடணும் சொல்லியாச்சு” என்ற பௌதி, தன் இடது முழங்காலைத் தொட்டுக் காட்டி, “பகுத் தர்த்!” என்று கண் கலங்கினாள்.

“தவாயா? ரோஸ் கலரா?”

“நஹி. வெள்ளை. தோடா தோடா ரோஸ்.”

சுகிர்தாவின் மூளை விறுவிறுவென்று வேலை செய்தது. வலது காலும் போய், இடது காலும் போய்விட்டது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. சாயம் வெளுத்திருப்பதால் காலாவதியான சரக்கு. நம் கடையில் கொடுக்காததால் கப்பலில் வருகிறவர்களிடம் சொல்லி, மெயின்லேண்டிலிருந்து அட்டை அட்டையாக வரவழைக்கிறார்!

சரிவில் இறங்கி ஓடினாள். தூரத்தில் மாமா ஒரு சாக்கடையைக் கன்றுக்குட்டி மாதிரி தாண்டிக் குதித்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாத்திரை வலியை மரக்கடித்துவிட்டது. உள்ளே மூட்டு அரைபடுவதுகூட மனுஷனுக்குத் தெரியவில்லை.

“மாமா! நில்லுங்க! வெளிக்கிப் போறது கறுப்பாப் போகுதா?”

நிறுத்தத்தில் நின்றிருந்த போர்ட் பிளேர் பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் முளைத்தன. கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

“மெதுவாப் பேசு பாப்பா! பஸ்ல நாலு பாஷைக்காரன் இருக்கான்.”

“எந்த பாஷையிலயாவது சொல்லுங்க. கறுப்புன்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். கறுப்பா இல்லையா?”

“மஞ்சள்! போதுமா?”

பஸ் நிம்மதியாகக் கிளம்பிப் போனது.

மாமா அதற்குள் மலையாளச் சேச்சி வீட்டு கேட்டைப் பிடித்திருந்தார். உள்ளே இறால் வறுபடும் வாசனை தெருவரைக்கும் வந்தது. கேட்டைத் திறந்ததுமே அவருக்கு நொண்டல் வந்துவிட்டது. மருந்து இறங்குகிறது, அதனால்தான் வலி திரும்புகிறது என்று சுகிர்தா புரிந்துகொண்டாள்.

“உள்ள போகாதீங்க. ஆட்டோவுக்குச் சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் போயி, தொண்டை வழியாக் குழாய் விட்டு வயித்தப் பாத்துடலாம்.”

“பாக்கட்டுமே. இறால் தின்னுட்டு வர்றேன், அதையும் சேத்துப் பாக்கட்டும்.”

“அத்தைக்கும் போன் போடுறேன்.”

குழாய்க்கு அசராத மனுஷன் இதற்கு ஆடிப்போனார். “அவளுக்கு வேணாம் பாப்பா! தெரிஞ்சா நாளையிலேர்ந்து கஞ்சிய வடிகட்டி ஊத்துவா.”

“அப்போ மாத்திரைய எடுங்க. சேச்சி வீட்ல ஒண்ணு போட்டீங்கன்னா இன்னிக்கு மூணு. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் கடைய மூடிடுவாங்க மாமா. எம் பொழப்பே போயிடும்.”

அவள் குரல் உடைந்தது. மாமாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எண்ணெய் ஏறிய ஒரு காகிதக் கவரை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் கடைக் கவர்தான். மேலே பொங்கல் பானையும் கரும்பும் அச்சடித்திருந்தது. உள்ளே ஒரே ஒரு மாத்திரை. வியர்வையிலும் விரல் பட்டும் சாயம் போய், பேருக்குக் கொஞ்சம் ரோஸ் ஒட்டியிருந்தது.

“மாமா... இத இன்னுமா முழுங்கல?”

“முழுங்கிட்டா அடுத்த வீட்டுல எதைக் காட்டிச் சாப்பிடுறது?”