கழுத்தில் ஒரு பெயர்

"கழுத்துலயா? ரொம்ப வலிக்கும்மா. கையில போட்டுக்கலாமே?" என்றான் நாச்சோ.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இருபது வருடமாகப் பச்சை குத்துகிறவன். அறுபது வயது எல்வீராவைப் போல, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"கழுத்துலதான். 'ராமிரோ'ன்னு. சர்ச் கோபுரம் மாதிரி கருப்பா, முனை முனையா இருக்குமே, அந்தப் பழைய எழுத்துல."

"யாரும்மா ராமிரோ?"

"என் ஒரே பையன்." அவள் கண் கலங்கியது.

நாச்சோ தொப்பியைக் கழற்றினான். இந்தப் பேட்டையில் அம்மாக்கள் மகன் பெயரைக் குத்திக்கொள்ள வருவது எதற்கென்று அவனுக்குத் தெரியும். தாளில் பெயரை வரைந்தான். மேலே ஒரு சிலுவை, பக்கத்தில் இரண்டு புறா.

"தேதி சொல்லுங்கம்மா."

"என்ன தேதி?"

"அவர்... போன தேதி."

"எங்கடா போனான்? வீட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டு இருக்கான்! நாளைக்கு அவனுக்குப் பொண்ணு கேக்கப் போறோம். அவன் கழுத்துல இதே எழுத்துல என் பேரு இருக்கு. அதைப் பாத்தா பொண்ணு வீட்டுல ரவுடின்னு நினைச்சுடுவாங்களாம், இந்த வெயில்ல மஃப்ளர் சுத்திக்கிட்டு வரப் போறானாம். அதே எழுத்து பட்டப்படிப்பு சர்டிபிகேட்ல இருந்தா மரியாதை, என் பிள்ளை கழுத்துல இருந்தா ரவுடியா? நாளைக்கு அந்த வீட்டுக்குள்ள முதல்ல நான் நுழையறேன். பாக்கட்டும்."

நாச்சோ புறாக்களை அழித்தான். பிறகு சிலுவையையும் அழித்தான்.

"எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்மா?"

"அவங்க வாசல்லேர்ந்தே படிக்கற மாதிரி."