முப்பதுக்கு முப்பது

"பதினோரு மணிக்கு ஏட்டு வர்றாரு. அதுக்குள்ள நீயே சொல்லிடு சந்திரம்மா, துட்டு எங்க?"

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் மாக்கல் பொம்மைக் கடை அது. 2001 மார்ச் முதல் தேதி. ஷட்டரைப் பாதி தூக்கி விட்டுவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார் முதலாளி லட்சுமணன்.

எட்டு வருஷமாக அந்தக் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் சந்திரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் எடுக்கல மொதலாளி."

"பிப்ரவரில வித்த பொம்மைங்களோட அசல் வெலயக் கூட்டினா முப்பதாயிரம். கிராக்கி கூட்டியாற ஆட்டோக்காரன் கமிஷன் போக அது பொட்டில இருக்கணுமா, இல்லியா? இருபத்தேழாயிரத்து முந்நூறுதான் கீது. மீதி ரெண்டாயிரத்து எழுநூறு இன்னா, ரெக்க மொளச்சிப் பறந்துச்சா?"

"தப்பு என்னாண்டதான் மொதலாளி. எப்டினு எனக்கே புரியல…"

"பாத்தியா, அதுவே ஒத்துக்கினுச்சு!" என்று ஜெனிட்டாவைப் பார்த்துச் சொன்னார்.

ஜெனிட்டா வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. கோவளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். தூசு தட்டும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மையோடு பொம்மையாக நின்றாள். எட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கே இந்தக் கதி என்றால் தனக்கு என்ன ஆகும் என்று பயந்தாள்.

"கழுத்துல மூணு பவுன் சங்கிலி கெடந்துச்சே, எங்க அது? மஞ்சக் கயிறோட நிக்கிற. லாட்டரிச் சீட்டா? வித்தது பத்தலனு இங்க கைய வச்சிட்டியா?"

சந்திரம்மாவின் கை கழுத்துக்குப் போனது.

"இன்னா, வாயில கொழுக்கட்டையா?"

"போலீசு மட்டும் வேணாம் மொதலாளி. வைகாசில பொண்ணுக்குக் கல்யாணம். மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா நின்னுபூடும். சம்பளத்துல புடிச்சிக்கோங்க."

வெளியே பைக் சத்தம். மூன்று பேரும் ஷட்டரைப் பார்த்தார்கள். சந்திரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பைக் நிற்காமல் கடந்து போனது.

மணி பத்தரை. பயத்தில் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜெனிட்டா மேஜை மேல் விரிந்து கிடந்த கல்லா நோட்டைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே குனிந்து படிக்க ஆரம்பித்தாள்.

"சார்… ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"இன்னா?"

"இந்த நாள் அசல் ரெண்டாயிரம், கொறஞ்சது நூத்தி எம்பது. இங்க ஐந்நூறு, கொறஞ்சது நாப்பத்தஞ்சு. எந்த நாளப் பாத்தாலும் நூத்துக்கு ஒம்போதுதான் கொறையுது. திருடுறவங்க பர்சென்ட் போட்டா சார் திருடுவாங்க?"

லட்சுமணனும் குனிந்து நோட்டைப் பார்த்தார்.

"இங்க வர்றது எல்லாம் ஆட்டோ கூட்டியாற கிராக்கிதான. எப்டி விக்கச் சொன்னீங்க?"

"முப்பது பர்சென்ட் ஏத்திச் சொல்லு, ஆட்டோக்காரனுக்கு முப்பது பர்சென்ட் குடு. முப்பதுக்கு முப்பது நேராப் பூடும். சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்." கணக்கில் தான் புலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவர் அவர்.

ஜெனிட்டா கால்குலேட்டரை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆயிரம் ரூவா பொம்ம சார். முப்பது ஏத்தினா ஆயிரத்து முந்நூறு. ஆனா ஆட்டோக்காரர் கமிஷன் வாங்குறது ஆயிரத்துக்கு இல்ல, வித்த வெலைக்கு. ஆயிரத்து முந்நூறுல முப்பது பர்சென்ட் போட்டுப் பாருங்க."

முந்நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது. மீதி தொள்ளாயிரத்துப் பத்து. லட்சுமணன் அழித்துவிட்டு மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். தொண்ணூறு குறைந்தபடியே இருந்தது.

"அப்ப… இன்னா வெலதான் சொல்லணும்?"

"ஆயிரத்து நானூத்து முப்பது சொன்னாதான் சார் உங்க ஆயிரம் உங்களாண்ட வரும்."

அவர் முகத்தில் வேர்த்துவிட்டது. போனை எடுத்து நம்பரைச் சுழற்றினார். "ஏட்டையா, வர வேணாம். யாரும் எடுக்கல. நம்ம கணக்குதான் பேஜாராப் பூடுச்சி."

போனை வைத்துவிட்டுச் சந்திரம்மா பக்கம் திரும்பினார். "மனசுல வச்சிக்காத. கோவத்துல கண்டபடி பேசிட்டேன்."

சந்திரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிர் திரும்பி வந்தவள் சிரிக்க வேண்டாமா? அவள் கால்குலேட்டரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனிட்டா நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினாள். "சார், இந்த முப்பது பர்சென்ட் எப்போலேர்ந்து?"

"நவம்பர்லேர்ந்து. சீசன் ஆரம்பிச்ச அன்னிக்கே சொல்லிட்டேன்."

"அப்ப நவம்பர், டிசம்பர், ஜனவரிலயும் கொறஞ்சிருக்கணுமே. மூணு மாசமும் பைசா கொறையாம நிக்குதே, எப்டி?"

லட்சுமணன் நோட்டைப் பார்த்தார். பிறகு சந்திரம்மாவைப் பார்த்தார்.

"நான்தான் சில்லற மாத்திக் குடுத்துட்டேனோன்னு பயந்துகினு, கொறையக் கொறைய நானே போட்டு வச்சேன் மொதலாளி" என்றாள் அவள், மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி. "பிப்ரவரிக்குப் போட சங்கிலி வித்த காசுல மிச்சம் இல்ல."