ஒரு வருஷம் முன்னப் பின்ன

“பொறந்த தேதி இல்லாம வேலையை நிரந்தரமாக்க முடியாதும்மா,” என்றார் அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி முட்டிசோ.

நங்கிரோவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “எங்க துர்க்கானா பாலைவனத்துல ஆடு மேய்க்கிறவங்க தேதியா பார்ப்பாங்க? ஒட்டகமெல்லாம் செத்த பஞ்சத்துல அண்ணன் பொறந்தான். காலரா வந்த வருஷம் தம்பி. நடுவுல நான். இருபத்தாறுன்னு எழுதுங்க சார். ஒரு வருஷம் முன்னப் பின்ன இருக்கும்.”

“வயசைக் கேட்டா தக்காளி நிறுக்கிற மாதிரி சொல்றியே. நேத்து கூட்டத்துல அந்த ஆதி மனுஷன் மண்டையோட்டுக்கு வயசு சொன்னாங்களே, துல்லியம்னா அது.”

“ஆமா, நீங்ககூட எழுந்து நின்னு கை தட்டினீங்க.”

“பின்னே?”

“கீழே ஒரு எரிமலைச் சாம்பல், மேலே ஒரு எரிமலைச் சாம்பல், நடுவுல மண்டையோடு. ரெண்டு சாம்பலோட வயசையும் வெச்சு அதுக்கு வயசு போட்டது நான்தான் சார். அதுல அஞ்சாயிரம் வருஷம் முன்னப் பின்ன.”

முட்டிசோ பேனாவைத் திறந்து, இருபத்தாறு என்று எழுதினார்.